100 வடிவம், 5 அடிச்சொல்: ஸ்பானிஷ் 'தெனேர்' வினையைப் பிரிச்சுப் பார்ப்போம்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். ஸ்பானிஷ் சொற்களை உச்சரிப்புக்கு நெருக்கமாகத் தமிழிலேயே கொடுத்திருக்கிறோம். சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.)

ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சவங்ககிட்ட பேசினா, பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். முதல் சில வாரம் ஜாலியா போகும். ஓலா, கிராசியாஸ், ஒரு காபி கொடுங்க, பில் கொண்டுவாங்க. அப்புறம் ஒருநாள் புத்தகத்தோட கடைசிப் பக்கங்களைத் திறப்பாங்க. சின்ன எழுத்துல பெரிய டேபிள். ஒரே ஒரு வினைச்சொல்லுக்கு பத்துப் பதினஞ்சு கட்டம், ஒவ்வொரு கட்டத்துலயும் ஆறு வரி. மேல "இர்ரெகுலர்"னு தலைப்பு. அத்தோட புத்தகத்தை மூடிடுவாங்க.

இன்னைக்கு அந்த டேபிள்ல ஒன்னே ஒன்னை எடுத்துப் பிரிக்கப் போறேன். வினைச்சொல்: தெனேர். தனிச்சொல்லா வர்ற வடிவங்களை மட்டும் எண்ணினாலே 50 பக்கம் வரும். துணைவினை சேர்ந்து வர்ற காலங்களையும் கூட்டினா 100-ஐ ஒட்டி வரும். ஆனா இந்த 100-க்குள்ள மாறிக்கிட்டே இருக்கிற அடிச்சொல் 5 தான். அந்த 5-ம் கையில இருந்தா மீதியை நீங்களே உருவாக்கிக்கலாம். அந்த 5-ம் ஏன் அப்படி இருக்குன்னு தெரிஞ்சுட்டா மறக்கவும் மறக்காது.

ஏன் தெனேர்? ரெண்டு காரணம். ஒன்னு, இது இல்லாம ஸ்பானிஷ்ல ஒரு நாளைக் கடத்த முடியாது. ரெண்டு, ஸ்பானிஷ் வினைகள் என்னென்ன வகையில வளையுமோ, அதுல முக்கால்வாசி இந்த ஒரு சொல்லுக்குள்ளயே இருக்கு.

கையில் பிடித்திருக்கும் பசி

தமிழ்ல 'ஹேவ்' மாதிரி ஒரு வினை கிடையாது. "என்கிட்ட பைக் இருக்கு", "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா", "எனக்கு 28 வயசு", "எனக்குப் பசிக்குது". எல்லாமே நம்மகிட்ட இருக்கு, இல்லன்னா நமக்கு நடக்குது. ஸ்பானிஷ் இந்த நாலுக்கும் தெனேரைத்தான் போடும். பசிக்குதுன்னா 'தெங்கோ ஆம்ப்ரெ', அதாவது நான் பசியை வச்சிருக்கேன். குளிருதுன்னா 'தெங்கோ ஃப்ரீயோ'. பயமா இருக்குன்னா 'தெங்கோ மியேதோ'. வயசையும் வச்சிருக்கணும். போகணும், செய்யணும்னு வர்ற "-ணும்"கூட இதுதான்: 'தெங்கோ கே இர்', நான் போகணும்.

இதுக்குப் பின்னால ஒரு பதவி மாற்றம் இருக்கு. லத்தீன்ல 'தெனேரெ'ன்னா பிடிச்சிருப்பது, விடாம வச்சிருப்பது. உடைமையைச் சொல்றதுக்கு 'ஹபேரெ'ன்னு வேற வினை இருந்தது. ஸ்பானிஷ் வளர வளர, ஹபேரெ தேய்ஞ்சு 'அவேர்'னு ஒரு துணைவினையாகிடுச்சு. அது காலி பண்ணின நாற்காலியில தெனேர் வந்து உட்கார்ந்தது. இந்த ரெண்டு பேரோட பழைய உறவு பின்னாடி ரெண்டு இடத்துல திரும்ப வரும். ஞாபகம் வச்சுக்கோங்க.

பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்

பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு வந்தான் என்பதைப் பிரிச்சு எழுதுவோம்: வா(வ) + த்(ந்) + த் + ஆன். வா, பகுதி. அது 'வ' ஆனது விகாரம். ஆன், ஆண்பால் வினைமுற்று விகுதி.

அந்த 'விகாரம்' என்ற சொல்லை இங்கே எடுத்துக்கோங்க. "இர்ரெகுலர்"னு கேட்டா ஒழுங்கே இல்லாததுன்னு தோணும். விகாரம்னா ஒரு ஒழுங்கான பகுதி, குறிப்பிட்ட இடத்துல குறிப்பிட்ட விதமா உருமாறுது, அவ்வளவுதான். நம்ம 'வா' கூட அப்படித்தானே? வா, வருகிறேன், வந்தேன். வெளியில இருந்து தமிழ் கத்துக்கிறவங்களுக்கு இது மூணு தனித்தனிச் சொல் மாதிரி தெரியும். நமக்கு ஒரே சொல்.

இன்னொரு ஒற்றுமை: விகுதியிலேயே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். "வந்தேன்"னு சொன்னா 'நான்' தேவையில்லை. ஸ்பானிஷ்லயும் அதே. 'தெங்கோ'ன்னாலே நான்தான். இங்கிலீஷ் வழியா ஸ்பானிஷுக்குப் போனா இது புதுசாத் தெரியும். தமிழ் வழியா போனா பழைய விஷயம்.

நிகழ்காலம்: ஒரே கட்டத்துல மூணு அடிச்சொல்

நான்: தெங்கோ
நீ: தியேனெஸ்
அவர், அவன், அவள்: தியேனெ
நாம்: தெனேமோஸ்
நீங்கள் (ஸ்பெயினில், நெருக்கமானவர்களிடம்): தெனேயிஸ்
அவர்கள்: தியேனென்

முதல்ல 'தெனே-', 'தியேனெ-' சண்டையைப் பார்ப்போம். அழுத்தம் எங்க விழுதுன்னு கவனிங்க. 'தியேனெஸ்'ல அழுத்தம் முதல் அசையில, அதாவது அடிச்சொல் மேலயே விழுது. 'தெனேமோஸ்'ல அது நகர்ந்து விகுதிக்குப் போயிடுது. லத்தீன்ல இருந்து ஸ்பானிஷ் உருவானப்போ, அழுத்தம் விழுந்த குறில் எகரம் 'இயெ'ன்னு ரெண்டா உடைஞ்சது. அழுத்தம் விழாத இடத்துல எகரம் அப்படியே நின்னுடுச்சு. டேபிள் போடுறவங்க இதை "அடிச்சொல் மாறும் வினை"ன்னு பட்டியல் போட்டுத் தருவாங்க. அடியில ஓடுற விதி ஒன்னுதான்: அழுத்தம் விழுந்தா உடையும்.

இந்த விதியை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா? அர்ஜென்டினாவில், உருகுவேயில் 'நீ'ங்கிறதுக்கு பெரும்பாலும் 'தூ' சொல்ல மாட்டாங்க, 'வோஸ்'னு சொல்வாங்க. வோஸோட வர்ற வினையில அழுத்தம் கடைசி அசையில விழும். அப்படின்னா நம்ம விதிப்படி உடையக் கூடாது. உண்மையிலேயே உடையறதில்லை: 'வோஸ் தெனேஸ்'. டெஸ்ட் பாஸ்.

அடுத்தது 'தெங்கோ'. இந்த 'க' எங்கிருந்து வந்தது? லத்தீன்ல இது 'தெனெஓ'. இயல்பா தேய்ஞ்சிருந்தா 'தெஞோ' மாதிரி ஏதாவது ஆகியிருக்கணும். பக்கத்து வீட்டு போர்த்துகீஸ்ல அப்படித்தான் ஆச்சு, அங்க இன்னைக்கும் 'தெஞு'தான். ஸ்பானிஷ்ல மட்டும் 'ங்கோ'ன்னு முடியுற வேற சில வினைகளைப் பார்த்து இதுவும் அந்த வேஷம் போட்டுக்கிச்சு என்பதுதான் மொழி வரலாற்றுக்காரர்கள் பொதுவாகத் தர்ற விளக்கம். வேஷம் போட்டது இது மட்டும் இல்ல, ஒரு கும்பலே இருக்கு: வெங்கோ (வர்றேன்), போங்கோ (வைக்கிறேன்), சால்கோ (வெளியே போறேன்). ஒன்னைக் கத்துக்கிட்டா நாலு கிடைக்கும்.

ஆக, இதுவரை மூணு அடிச்சொல்: தென், தியென், தெங்.

தெனீயாவும் தூவேவும்: கடந்தகாலம் ரெண்டு

ஸ்பானிஷ்ல கடந்தகாலத்துக்கு ரெண்டு கட்டம். முதல் கட்டம், இம்பர்ஃபெக்ட். இங்க தெனேர் ரொம்ப நல்ல பிள்ளை: தெனீயா, தெனீயாஸ், தெனீயா, தெனீயாமோஸ், தெனீயாயிஸ், தெனீயான். அடிச்சொல் அதே தென். ஸ்பானிஷ் முழுக்கத் தேடினாலும் இந்தக் காலத்துல விகாரப்படுற வினை மூணே மூணுதான்: செர், இர், வெர். தெனேர் அந்த லிஸ்ட்ல இல்ல.

ரெண்டாவது கட்டம், ப்ரெடெரிட். இங்கதான் நாலாவது அடிச்சொல் வருது:

தூவே
துவீஸ்தெ
தூவோ
துவீமோஸ்
துவீஸ்தெயிஸ்
துவியேரோன்

'தென்'ல இருந்து 'தூவ்' எப்படி வந்தது? நான் சொன்ன பழைய உறவு இதுதான். ஹபேரெயோட கடந்தகாலம் பழைய ஸ்பானிஷ்ல 'ஓவெ'. அதைப் பார்த்து தெனேரும் 'தோவெ' ஆச்சு. எஸ்தார்ங்கிற வினை 'எஸ்தோவெ' ஆச்சு. பிறகு மூணுலயும் ஓகாரம் ஊகாரமா மாறி, இன்னைக்கு ஊவே, தூவே, எஸ்தூவே. அந்தார் (நடப்பது) 'அந்தூவே' ஆனதும் இந்த வரிசைதான். தனித்தனியாப் பார்த்தா நாலு விதிவிலக்கு. சேர்த்துப் பார்த்தா ஒரு குடும்பம்.

விகுதியிலயும் ஒரு விஷயம் கவனிங்க. ஒழுங்கான வினையில "நான் சாப்பிட்டேன்" என்பது 'கொமீ', அழுத்தம் கடைசியில. எழுதும்போது மேல சின்னக் கோடு போடுவாங்க. 'தூவே'ல அழுத்தம் முதல்ல, அதனால கோடு கிடையாது. இந்தக் குடும்பம் முழுக்க அப்படித்தான்.

சரி, ரெண்டு கடந்தகாலம் எதுக்கு? இதைத் தப்பா எடுத்தா இலக்கணப் பிழையோட நிக்காது, தகவலே மாறிடும். நம்ம ஃபீல்டுலயே ஒரு உதாரணம். ராத்திரி புரொடக்‌ஷன் விழுந்திருக்கு. மெக்சிகோ டீம்ல ஒருத்தர் கால்ல சொல்றார்:

'தூவே கே றெயினிசியார் எல் செர்விதோர்.'

இல்லன்னா இப்படிச் சொல்றார்:

'தெனீயா கே றெயினிசியார் எல் செர்விதோர்.'

இங்கிலீஷ்ல ரெண்டுக்குமே "ஹாட் டு ரீஸ்டார்ட்"னு ஒரே வரியைப் போட்டுடலாம். ஆனா முதல் வாக்கியத்துல வேலை முடிஞ்சுடுச்சு, அவர் ரீஸ்டார்ட் பண்ணிட்டார். ரெண்டாவதுல, பண்ண வேண்டிய நிலைமை இருந்துச்சு, அவ்வளவுதான். பண்ணினாரா இல்லையா, அந்த வாக்கியம் சொல்லல. தமிழ்ல இந்த வித்தியாசம் நம்மகிட்ட தெளிவா இருக்கு. "ரீஸ்டார்ட் பண்ண வேண்டியதாப் போச்சு" என்பது தூவே. "ரீஸ்டார்ட் பண்ண வேண்டியிருந்துச்சு" என்பது தெனீயா. இங்கிலீஷ் வழியா மொழிபெயர்க்காம நேரா தமிழ்ல இருந்து போனீங்கன்னா, கேட்டவுடனே "அப்போ பண்ணியாச்சா?"னு திருப்பிக் கேக்கத் தோணும். கேக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

இதே மாதிரி, 'தெனீயா ஊன் இஹோ'ன்னா அவருக்கு ஒரு மகன் இருந்தான். 'தூவோ ஊன் இஹோ'ன்னா மகன் பிறந்தான். தெனீயா ஒரு நிலை, தூவோ ஒரு நிகழ்வு.

எதிர்காலம்: நடுவுல புகுந்த 'த்'

அஞ்சாவதும் கடைசியுமான அடிச்சொல்: தெந்த்ர்.

தெந்த்ரே, தெந்த்ராஸ், தெந்த்ரா, தெந்த்ரேமோஸ், தெந்த்ரேயிஸ், தெந்த்ரான்.

இங்க பழைய உறவு ரெண்டாவது தடவை வருது. ஸ்பானிஷ் எதிர்காலம் உண்மையில ரெண்டு சொல் ஒட்டினது. முழு வினை, அது பின்னால அவேரோட நிகழ்காலம்: ஏ, ஆஸ், ஆ, எமோஸ், ஆன். மேல இருக்கிற விகுதிகளைத் திரும்பப் பாருங்க, அப்படியே ஒட்டியிருக்கும். அப்போ தெனேர் + ஏ = தெனெரே ஆகணும். வேகமாப் பேசிப் பேசி நடுவுல இருந்த எகரம் விழுந்துடுச்சு: 'தென்ரே'. இப்போ 'ன்'னும் 'ர்'ரும் பக்கத்துல பக்கத்துல. நாக்கு ஒன்னுல இருந்து இன்னொன்னுக்குத் தாவும்போது நடுவுல தானா ஒரு 'த்' முளைக்குது: தெந்த்ரே.

நம்பிக்கை இல்லையா? ஹென்றின்னு சத்தமா சொல்லிப் பாருங்க. நன்றின்னு சொல்லுங்க. நம்ம ன்ற உச்சரிப்புலயும் நடுவுல ஒரு ஒலி இடிச்சுக்கிட்டு வருதுல்ல? தமிழ்ல அதுக்கு வரலாற்றுக் காரணம் வேற, ஆனா வாய்க்குள்ள அனுபவம் கிட்டத்தட்ட ஒன்னுதான். வெந்த்ரே, போந்த்ரே, சால்த்ரே எல்லாம் இதே கதை. யாரும் உட்கார்ந்து கண்டுபிடிச்ச விதிவிலக்கு இல்ல இது. நாக்கு தனக்கு வசதி பண்ணிக்கிட்டது.

இதே அடிச்சொல்லோட 'ஈயா' சேர்த்தா கண்டிஷனல்: தெந்த்ரீயா, தெந்த்ரீயாஸ்... இருந்திருக்கும், இருக்கக்கூடும் என்கிற பொருள்.

இந்தக் காலத்துக்கு ஒரு அழகான உபயோகம் உண்டு. யாரையோ பார்த்து வயசைக் குத்துமதிப்பா சொல்றோம்: "அவனுக்கு ஒரு 20 வயசு இருக்கும்." பேசுறது இப்போதைய வயசை, ஆனா போட்டிருக்கிறது எதிர்கால வடிவம். ஸ்பானிஷ்லயும் அச்சு அசல் அப்படியே: 'தெந்த்ரா வெயின்தெ ஆஞோஸ்'. அப்போ அவனுக்கு 20 இருந்திருக்கும்னா, 'தெந்த்ரீயா வெயின்தெ ஆஞோஸ்'. தமிழ் பேசுறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

காலம் வேற, மூட் வேற

இதுவரை பார்த்தது எல்லாம் "எப்போ?"ங்கிற கேள்விக்குப் பதில். இனி வரப்போறது வேற கேள்வி: "இது நடந்த உண்மையா? இல்ல ஆசையா, சந்தேகமா, கட்டளையா, இன்னும் கண்ணுல படாத ஒன்னா?" இந்தப் பிரிவுக்குத்தான் மூட்னு பேரு. உண்மைன்னு உறுதியா சொல்றது இண்டிகேட்டிவ். மத்ததுல பெரும்பகுதி சப்ஜங்க்டிவ். டேபிள்ல எல்லாக் கட்டமும் ஒரே வரிசையில இருக்கிறதால பலரும் இதையும் இன்னொரு காலம்னு நினைச்சு மனப்பாடம் பண்றாங்க. அங்கதான் குழப்பம் ஆரம்பிக்குது.

வடிவம் ரொம்ப சுலபம். தெங்கோவை எடுங்க, கடைசி ஓவைத் தூக்குங்க, ஆ போடுங்க: தெங்கா, தெங்காஸ், தெங்கா, தெங்காமோஸ், தெங்காயிஸ், தெங்கான். தேங்கா ஞாபகம் வந்தா இன்னும் நல்லது, மறக்காது. இங்க ஆறு வடிவத்துலயும் 'ங்க' இருக்கு, 'நாம்' உட்பட. நிகழ்காலத்துல 'நான்' மட்டும் வச்சிருந்த அடிச்சொல் இங்க எல்லாருக்கும் பொது.

எப்போ போடணும்? வீடு தேடுற உதாரணம் எடுப்போம்.

'புஸ்கோ ஊன் பீஸோ கே தியேனெ பால்கோன்.'
'புஸ்கோ ஊன் பீஸோ கே தெங்கா பால்கோன்.'

முதல்ல சொல்றவர் மனசுல ஒரு குறிப்பிட்ட ஃபிளாட் இருக்கு, அதுல பால்கனி இருக்கு, அதைத் தேடிக்கிட்டு நிக்கிறார். ரெண்டாவது ஆள் இன்னும் எந்த ஃபிளாட்டையும் பார்க்கல, பால்கனி இருக்கிற மாதிரி ஏதோ ஒன்னு வேணும். தமிழ்ல பாருங்க: "பால்கனி இருக்கிற வீட்டைத் தேடுறேன்", "பால்கனி இருக்கிற மாதிரி ஒரு வீடு தேடுறேன்". நாம அந்த 'மாதிரி'யை வச்சு பண்ற வேலையை ஸ்பானிஷ் வினையோட வடிவத்தை மாத்திப் பண்ணிடுது.

இன்னொன்னு. 'குவாந்தோ தெங்கோ தியேம்போ, லேயோ': நேரம் கிடைக்கிறப்போல்லாம் படிப்பேன், இது வழக்கம். 'குவாந்தோ தெங்கா தியேம்போ, லெயெரே': நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன், அந்த நேரம் இன்னும் வரல. வராத ஒன்னு என்பதால தெங்கா.

வாழ்த்தும் இதுதான். கடையில இருந்து கிளம்பும்போது 'கே தெங்காஸ் ஊன் புவேன் தீயா'ன்னு சொல்வாங்க. நம்ம "நல்ல நாளா அமையட்டும்"ல இருக்கிற 'அட்டும்' செய்ற வேலைக்கு இது ரொம்பப் பக்கம்.

அடுத்தது கட்டளை. 'நீ'க்குச் சொல்லும்போது விகுதி எல்லாம் உதிர்ந்து வெறும் அடிச்சொல் நிக்கும்: 'தென்'. 'தென் குயிதாதோ'ன்னா பார்த்து, கவனமா இரு. தமிழ்லயும் கட்டளைன்னா வா, போ, இருன்னு வெறும் பகுதிதானே நிக்குது? ஆனா "வேண்டாம்"னு தடுக்கும்போது ஸ்பானிஷ் சப்ஜங்க்டிவுக்குத் தாவிடும்: 'நோ தெங்காஸ் மியேதோ', பயப்படாதே. "செய்"க்கு ஒரு வடிவம், "செய்யாதே"க்கு வேற வடிவம். மரியாதையா 'உஸ்தெத்' போட்டுப் பேசினாலும் அதே சப்ஜங்க்டிவ்தான்: 'தெங்கா'. அதாவது "இந்தாங்க".

இருந்தா... இருந்திருந்தா...

கடைசிக் கட்டம், பல பேர் பயப்படுறது: கடந்தகால சப்ஜங்க்டிவ். செய்முறை: துவியேரோனை எடுங்க, கடைசி 'ரோன்' போகட்டும், 'ரா' வரட்டும். துவியேரா, துவியேராஸ், துவியேரா, துவியேராமோஸ், துவியேராயிஸ், துவியேரான். 'துவியேஸெ'ன்னு இன்னொரு வரிசையும் உண்டு, பொருள் ஒன்னுதான். படிக்கும்போது அடையாளம் தெரிஞ்சா போதும். பேசுறதுக்கு 'ரா' வரிசையே தாராளம்.

'சி துவியேரா தியேம்போ, அப்ரெந்தெரீயா பியானோ.' நேரம் மட்டும் இருந்தா பியானோ கத்துக்குவேன். நேரம் இல்லைங்கிறதுதான் உள்ளே இருக்கிற சேதி. நடக்காத ஒன்னைச் சொல்ல எதுக்குக் கடந்தகால அடிச்சொல்னு கேக்கலாம். நம்ம 'இருந்தால்' எதுல இருந்து வந்தது? இருந்த் + ஆல். வந்தால், போனால், கிடைத்தால், எல்லாமே கடந்தகால அடியில 'ஆல்' சேர்ந்தது. நாளைக்கு மழை வந்தால்னு நாளையைப் பத்திப் பேசும்போதும் 'வந்த்'தான். ரெண்டு மொழியோட விதியும் ஒன்னுன்னு சொல்ல வரல. தமிழ்ல நடக்கக்கூடியதுக்கும் அதே 'ஆல்'தான், ஸ்பானிஷ்ல நடக்கக்கூடியதுன்னா 'சி தெங்கோ'. ஆனா "இல்லாத ஒன்னுக்கு எதுக்குக் கடந்தகாலம்?"ங்கிற திகைப்பு நமக்கு வரத் தேவையில்லை.

மொத்தக் கணக்கு

தென்: தெனேமோஸ், தெனீயா, தெனீதோ, தெனியேந்தோ, கட்டளை தென்
தியென்: அழுத்தம் அடியில் விழும் நிகழ்காலம்
தெங்: தெங்கோ, தெங்கா வரிசை முழுதும்
தூவ்: தூவே வரிசை, துவியேரா வரிசை
தெந்த்ர்: தெந்த்ரே வரிசை, தெந்த்ரீயா வரிசை

கூட்டுக் காலங்கள்ல மாறுறது அவேர் மட்டும்தான். 'ஏ தெனீதோ', 'அவீயா தெனீதோ', 'உவியேரா தெனீதோ'. தெனீதோ அசையாது. டேபிள்ல பாதி இதுலயே முடிஞ்சது.

போனஸும் இருக்கு. மந்தெனேர் (பராமரிப்பது), ஒப்தெனேர் (பெறுவது), கொந்தெனேர் (உள்ளடக்குவது), தெதெனேர் (நிறுத்துவது, கைது செய்வது). கோட் எழுதுறவங்களுக்கு இன்ஹெரிட்டன்ஸ்னு சொன்னா புரியும்: அப்பாவோட எல்லாக் குணமும் பிள்ளைங்களுக்கு. மந்தெங்கோ, மந்தூவே, மந்தெந்த்ரே. செய்தியில 'தெதுவியேரோன்'னு வந்தா யாரையோ பிடிச்சுட்டாங்கன்னு உடனே தெரிஞ்சுடும்.

"நோ சபோ"

ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. இவ்வளவு விகாரம் ஏன் அடிக்கடி வர்ற சொற்கள்ல மட்டும் குவிஞ்சு கிடக்கு? பதில் கேள்விக்குள்ளயே இருக்கு. எப்போவாவது வர்ற வினையோட பழைய வடிவம் ஜனங்களுக்கு மறந்துபோகும். மறந்ததும் பொது விதியைப் போட்டு ஒழுங்கு பண்ணிடுவாங்க. தினமும் நூறு தடவை வாயில வர்ற சொல் மறக்காது, அதனால பழைய உருவத்தோடயே தங்கிடும். விகார வினைகள்தான் ஒரு மொழியில அதிகமாப் புழங்கின சொற்கள்.

ஸ்பானிஷ் பேசுற வீட்டுக் குழந்தைகளும் ஆரம்பத்துல 'சே' (எனக்குத் தெரியும்) சொல்றதுக்குப் பதிலா 'சபோ'ன்னு சொல்லும். சபேர் என்ற வினைக்கு ஒழுங்கு விதியைப் போட்டா சபோதான் வரணும். அந்தக் குழந்தை விதியைக் கத்துக்கிடுச்சுங்கிறதுக்கு அதுதான் ஆதாரம். கேட்டுக் கேட்டு ரெண்டொரு வருஷத்துல 'சே' தானா வந்துடும்.

ஆனா அமெரிக்காவுல, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள்ல பிறந்து ஸ்பானிஷ் சரியா வராத இளைஞர்களுக்கு "நோ சபோ கிட்ஸ்"னே ஒரு கேலிப் பேர் இருக்கு. ஒரே ஒரு வினை விகுதியை வச்சு, நீ நம்ம ஆளா இல்லையான்னு தீர்ப்பு. அந்தத் தலைமுறைக்கு மொழி வந்து சேராததுக்குக் காரணங்கள் பெரியவங்க வாழ்க்கையில இருந்தது. அடிவாங்க விட்டது பள்ளிக்கூடங்கள்ல ஸ்பானிஷ் பேசினதுக்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறையும் அதுல உண்டு. கேலி மட்டும் பிள்ளைங்க தலையில. இப்போ அவங்கள்ல பலர் அந்தப் பேரைத் தாங்களே எடுத்து வச்சுக்கிட்டாங்க. வெளிநாட்டுல வளர்ற நம்ம பசங்க தமிழ் பேசும்போது "வருனேன்"னு சொன்னா சிரிக்கிறதுக்கு முன்னாடி இதை ஒரு நொடி யோசிங்க. ஒழுங்கா கட்டமைச்சிருக்காங்க. கேக்குறதுக்கு வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

உங்களுக்கும் இதையே சொல்றேன். வேகமாப் பேசும்போது 'தெனேரே'ன்னோ 'தெனீ'ன்னோ வாயில வந்தா வரட்டும். எதிர்ல இருக்கிறவருக்குப் புரியும். வாயை மூடிட்டு டேபிளைத் தேடுறதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம்: வெனீர், அதாவது வருவது. இதோட அஞ்சு அடிச்சொல்: வென், வியென், வெங், வீன், வெந்த்ர். இப்போ பேசின அதே வழியில முழு டேபிளையும் நீங்களே போடுங்க, புத்தகத்தைப் பார்க்காம. சில இடத்துல தெனேர்ல இருந்து விலகும். நிகழ்காலத்துல 'நாம்' வெனேமோஸ் ஆகாது, வெனீமோஸ். தெனியேந்தோ மாதிரி வெனியேந்தோ வராது, வினியேந்தோ. போட்டு முடிச்சதும் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாருங்க, எத்தனை சரியா வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல செர், எஸ்தார். தமிழ்ல ரெண்டுக்குமே 'இரு'ன்னு சமாளிக்கிறோம், ஸ்பானிஷ் சமாளிக்க விடாது. கே தெங்கான் ஊனா புவேனா செமானா. நல்ல வாரமா அமையட்டும். நன்றி, நடுவுல அந்த ஒலியைக் கேட்டீங்கல்ல?